அங்கே இப்போது என்ன நேரம்?



எமது மாதர் சந்திப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளை, இப்ப கனடாவிலை என்ன நேரம்?" சவூதியில் மகள், சுவிஸில் தம்பி, அவுஸ்திரேலியாவில் மகன் என்று எமது குடும்பங்கள் உலகப் படம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அதனால் இந்த மாதம் நேரத்தின் பூகோளத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு தோடம்பழத்தை எடுங்கள். காம்புப் பக்கம் மேலே இருக்கட்டும். அது வட துருவம். பழத்தின் நடுவில் பேனையால் ஒரு புள்ளி வையுங்கள், அது இலங்கை. அதற்கு வலப்புறம் சற்றுக் கீழே அவுஸ்திரேலியா. இடப்புறம் அரபு நாடுகள், இன்னும் இடப்புறம் மேலே ஐரோப்பா. கனடாவுக்குப் புள்ளி வைக்கப் பழத்தைத் திருப்பிப் பின்பக்கம் போக வேண்டும். இனி இருட்டறையில் ரோச் லைற்றை அடித்து, பழத்தை இடமிருந்து வலமாக மெதுவாகச் சுற்றுங்கள். ரோச் லைற் தான் சூரியன். வெளிச்சத்துக்குள் முதலில் அவுஸ்திரேலியா வரும், பிறகு நாங்கள், பிறகு அரபு நாடுகள், பிறகு ஐரோப்பா. கனடாவுக்கு விடியும்போது எங்களுக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

பூமி இப்படி ஒரு முறை முழுதாகச் சுற்ற 24 மணித்தியாலம் எடுக்கின்றது. ஒரு வட்டத்துக்கு 360 பாகை. 360ஐ 24ஆல் பிரித்தால் 15. அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை. இந்த ஒரு கணக்கு போதும். இலங்கை கிழக்கே சுமார் 80 பாகையில் உள்ளது. ரொறன்ரோ மேற்கே சுமார் 79 பாகையில் உள்ளது. இரண்டையும் கூட்டினால் 159. அதை 15ஆல் பிரித்தால் பத்தரைக்குச் சற்றுக் கூட வரும். ரொறன்ரோ எங்களைவிடப் பத்தரை மணித்தியாலம் பிந்தியிருப்பதன் காரணம் இதுவே.

இந்தப் பாகைகளை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது? முன்னர் நாட்டுக்கு நாடு ஒவ்வொரு கணக்கு இருந்தது. 1884ஆம் ஆண்டு வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, லண்டனில் உள்ள கிறீன்விச் வழியாகச் செல்லும் நெடுங்கோட்டைப் பூச்சியமாகக் கொள்வதென முடிவெடுத்தார்கள். எமது நேரம் கிறீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது.

சூரியன் ஒரு பக்கம் இருக்க, கடிகார முள்ளை எங்கே வைப்பது என்பதை அரசுகளே தீர்மானிக்கின்றன. சீனா மிக அகன்ற நாடு; ஆயினும் நாடு முழுவதற்கும் ஒரே நேரம். ரஷ்யாவில் 11 நேர வலயங்கள் உள்ளன. எங்கள் அனுபவமும் சிறிதல்ல. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக இலங்கையில் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இயக்கத்தின் நிர்வாகத்தில் இருந்த வன்னிப் பகுதியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. "புது நேரமோ, பழைய நேரமோ?" என்று கேட்டுக் கேட்டு பஸ் பிடித்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

எமது குழுவில் ஓர் அம்மா இருக்கின்றார். மகள் சவூதியில் வீட்டுப் பணிப்பெண். இரவு எட்டு மணி தொடக்கம் தொலைபேசிக்குப் பக்கத்தில் காத்திருந்து, பத்து மணிக்கு மனம் உடைந்து படுத்துவிடுவார். "என்னை மறந்துபோனாள்" என்பார். நாங்கள் தோடம்பழத்தை வைத்துக் கணக்குப் பார்த்தோம். அவர் படுக்கும் பத்து மணிக்கு அங்கே இரவு ஏழரை. மகள் அப்போது அந்த வீட்டாருக்குச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருப்பாள். அவளுடைய வேலை முடியும் பத்து மணி, இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அந்த நேரத்தில் அம்மா நித்திரையாக இருப்பார் என்று மகளும் எடுக்காமல் விட்டிருக்கின்றாள். இப்போது அவளுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் பேசிக்கொள்கின்றார்கள்.

யுத்த காலத்தில் நடுச்சாமத்தில் மணி அடித்தால் நெஞ்சு பதறும். இப்போதும் பலருக்கு அந்தப் பதற்றம் உண்டு. கனடாவில் பகல் ஒன்றரை மணி என்றால் எங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டு. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தம்பி எடுத்திருக்கலாம் என்று தெரிந்தால் கை நடுங்காமல் தொலைபேசியை எடுக்கலாம்.

திகதியிலும் கவனம் தேவை. ரொறன்ரோவில் ஜனவரி 14 இரவு எட்டு மணிக்கு ஒருவர் காலமானால், எமது மணிக்கூட்டில் அது 15ஆம் திகதி காலை ஆறரை. அங்கே தரப்படும் மரணச் சான்றிதழில் 14 என்றே இருக்கும். இங்கே விண்ணப்பங்களை நிரப்பும்போது அந்தத் திகதியையே எழுதுங்கள். திதி பார்க்க ஐயரிடம் போனால் ஊரின் பெயரையும் அங்கத்தைய நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். காணாமற்போன உறவுகளைப் பற்றி ஜெனிவாவுக்கு எழுதுபவர்களும், வெளிநாட்டு அலுவலகங்களுக்கு எடுப்பவர்களும் "மாலை ஐந்து மணிக்கு முன்" என்று கண்டால், அது யாருடைய ஐந்து மணி என்று பாருங்கள். ஜெனிவாவின் ஐந்து மணி, குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு ஒன்பதரை.

ஒரு மட்டையில் இதை எழுதி மணிக்கூட்டுக்குக் கீழே ஒட்டிவையுங்கள். எங்கள் நேரத்திலிருந்து டுபாய், ஓமான் ஒன்றரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். சவூதி, குவைத், கட்டார் இரண்டரை. சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே நாலரை. லண்டன் ஐந்தரை. ரொறன்ரோ பத்தரை. கூட்ட வேண்டியவை: மலேசியா இரண்டரை, சிட்னி, மெல்பேர்ண் நாலரை.

கோடையில் ஐரோப்பாவிலும் ரொறன்ரோவிலும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்துவார்கள். அப்போது கழிப்பதில் ஒன்று குறையும். ஐரோப்பாவில் இது மார்ச் கடைசி ஞாயிறு தொடக்கம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை. ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடக்கம் நவம்பர் முதல் ஞாயிறு வரை. சிட்னி, மெல்பேர்ணில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை கோடை. அக்காலத்தில் ஐந்தரையைக் கூட்டுங்கள். அரபு நாடுகள் மேலே சொன்னவற்றுக்கு மாற்றம் இல்லை.

மட்டையை எழுதும் வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தாலும், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கக் காத்திராமல், மகன் இப்போது நித்திரையா, வேலைக்குப் போகின்றானா என்று உங்கள் குசினியில் நின்றபடியே அறிந்துகொள்ளலாம்.

அடுத்த மாதம் பருவக் காற்றுகளுடன் சந்திப்போம்.