கூஜா இல்லாமல் கோட்டைக்குப் போகாதீர்கள்

பொங்கல் வேலையெல்லாம் ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருவில் நாலு குடும்பமாகச் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு செஞ்சிக் கோட்டைக்குப் போய் வந்தோம். பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலம் ஐந்து மணிக்கே கிளம்பியாயிற்று. புளியோதரை, தயிர்சாதம், எலுமிச்சை ஊறுகாய்... கட்டுச்சோற்று மூட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

கூட வந்தவர்களில் அடுத்த வீட்டு மருமகளும் ஒருத்தி. எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. வழியில் காபி வேண்டாம் என்றாள், தண்ணீரும் வேண்டாம் என்றாள். குழந்தைக்கு மட்டும் பால் கொடுத்துக்கொண்டே வந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை இது. ராஜா தேசிங்கு கதை கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்? 1714-ல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதி மாண்ட அந்த வாலிப ராஜாவின் ஊர். அவருக்கு முன்னே, 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690-லிருந்து முற்றுகையிட்டு 1698-ல்தான் கைப்பற்றியது. மலைமேல் சுனையும் தானியக் களஞ்சியமும் இல்லாமல் அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்கிற காரியமா? 2025-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்திருக்கிறது.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் ஒன்று போல் ஒன்றில்லை. போதாக்குறைக்குக் குரங்குகள்! பாதி மலை ஏறியிருப்போம், "அக்கா, கண்ணை இருட்டுது" என்று அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். மதில் நிழலில் அவளைப் படுக்கவைத்து, காலை ஒரு பையின் மேல் உயர்த்தி வைத்தேன். நன்றாகத் தெளிந்த பிறகுதான் வாய் வாயாகத் தண்ணீர் கொடுத்தேன்.

"ஏண்டி, காலையிலேருந்து என்னதான் குடிச்சே?"

"வழியில எங்கக்கா ஒதுங்குறது? ஆம்பளைங்க இருக்கிற வண்டி, நிறுத்தச் சொல்லக் கூச்சமா இருக்கு. நேத்து ராத்திரியே தண்ணியைக் குறைச்சிட்டேன்."

திட்ட வாயெடுத்தவள் அடங்கிவிட்டேன். எத்தனை கல்யாணங்களுக்கு நானே இப்படித் தொண்டை வறளப் போயிருக்கிறேன்! வந்து நாலு நாள் நீர்க்கடுப்பில் துடித்ததும் உண்டு. தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்குவதும் அந்தத் தொற்றுக்கு வழி விடும். பால் கொடுக்கிறவளுக்கோ சாதாரண நாளிலேயே தாகம் அதிகம். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், தலை வலித்தால், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு கூஜா எடுத்துப் போங்கள். வாந்தி, பேதி என்று வந்துவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக்கூடாது.

உச்சிக்குப் போகும் ஆசையை அவளும் நானும் விட்டோம். மெதுவாக இறங்கி, அடிவாரத்தில் கல்யாண மகாலில் உட்கார்ந்தோம். நடுவே அடுக்கடுக்காக உயர்ந்த கோபுரம், சுற்றிலும் அறைகள். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். கோட்டைக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண் குழாய் வழியாக ஆறாவது மாடி வரை தண்ணீர் ஏற்றினார்களாம்! விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கே ஆச்சரியம். அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தாள்.

"ராணிக்கு மாடியிலேயே தண்ணி. நமக்குத்தான் இறங்கி ஒதுங்கக்கூட வழியில்லை, இல்லக்கா?"

திரும்பும்போது அவள் நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்தாள். விழுப்புரம் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து, வண்டியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல்: "டிரைவர் அண்ணே, அடுத்த பெட்ரோல் பங்க்ல கொஞ்சம் நிறுத்துங்க!"

வேனிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கினோம்.