உன் பேர் என்ன, மாப்ள?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு உள்ளே போன தெம்பில் வராந்தாவில் பாயை விரித்துக் கண்ணை மூடினேன். அரை நிமிஷம் இருக்காது, வாசலில் பைக் சத்தம். மச்சினன். வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல்லுக்கு, மண்டை பிளக்கிற வெயிலில், முதுகில் லேப்டாப் பையோடு வந்து இறங்குகிறான்.

"மாமா, ஆறு மாசமா நான் வேலையே பாக்கலையாம்!"

"இது உங்க அக்காவுக்கு எப்பவோ தெரியுமேடா" என்று சொல்ல வாயெடுத்தவன், அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அழுதுவிடுவான் போலிருந்தது.

விஷயம் இதுதான். மச்சினனுக்குக் கோயமுத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை (பெயர் வேண்டாம், அங்கேதான் இன்னும் சம்பளம் வாங்குகிறான்). வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சேர்ந்து ஆறு மாதம். சம்பளம் கூட்டிப் போடுகிற நேரம் வந்தது. கூடவே மேனேஜரிடமிருந்து ஒரு மெயிலும் வந்தது. 'பிராஜெக்ட் பதிவேட்டில் உங்கள் பெயரில் இதுவரை ஒரு பதிவுகூட இல்லை. திங்கட்கிழமைக்குள் விளக்கம் தரவும்.'

"எத்தனை ராத்திரி மாமா! தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வரும்னு அப்பா முழிச்சிருப்பார், பிழை திருத்துறேன்னு நான் முழிச்சிருப்பேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து அம்மாதான் டீ போடும். இப்ப ஒண்ணுமே செய்யலேன்னா?"

கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும் பி.காம். படித்த எனக்கும் என்ன சம்பந்தம், இவன் ஏன் என்னிடம் ஓடி வருகிறான் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. என் கம்ப்யூட்டரில் இந்தப் பத்தியை எழுதும் ஃபோல்டரைத் திறந்தால் 'கட்டுரை-இறுதி' என்று ஒரு ஃபைல் இருக்கும். பக்கத்தில் 'கட்டுரை-இறுதி-2'. அதற்கும் பக்கத்தில் 'கட்டுரை-சத்தியமா-இறுதி'. எதை ஆசிரியருக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. இந்தக் கண்றாவியைப் பார்த்துவிட்டு மச்சினன்தான் போன வருஷம் 'கிட்' என்ற சமாசாரத்தைப் போட்டுக் கொடுத்தான்.

கிட் என்பது, காமர்ஸ்காரன் பாஷையில் சொன்னால், ஒரு பேரேடு. எந்த ஃபைலில் எந்த வரி, யாரால், எப்போது, எதற்காக மாறியது என்று பதிந்துகொண்டே போகும். பழைய பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் புரட்டலாம். லினக்ஸ் செய்த லினஸ் டார்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதினார். அதுவரை லினக்ஸ் கோஷ்டி உபயோகித்துவந்த 'பிட்கீப்பர்' என்ற சாஃப்ட்வேரின் இலவச உரிமத்தை அதன் சொந்தக்காரர்கள் நிறுத்திவிட, மனுஷன் சலித்துக்கொண்டு தானே எழுத உட்கார்ந்துவிட்டார். 3-ம் தேதி ஆரம்பித்து, 7-ம் தேதி கிட்டின் புரோகிராமையே கிட்டில் பதிகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாலு நாள்! நம் ஊரில் நாலு நாளில் ஒரு வருமானச் சான்றிதழ் வாங்கிப் பாருங்கள். அந்த வருஷம் ஜூலையிலிருந்து ஜூனியோ ஹமானோ என்பவர் அதைப் பராமரித்து வருகிறார்.

எனக்கு ஆரம்பத்திலேயே ஒரு தகராறு. ஃபைல்களுக்குத் தமிழில் பெயர் வைப்பது என் வழக்கம். கிட்டிடம் "எதெல்லாம் மாறியிருக்கு?" என்று கேட்டால், 'கட்டுரை' என்று காட்டாமல் சாய்கோடு 340, சாய்கோடு 256, சாய்கோடு 225 என்று லாட்டரி ரிசல்ட் மாதிரி கொட்டும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கெடவில்லை. கம்ப்யூட்டர் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் மூன்று எண் வைத்திருக்கிறது. முதல் எண் எப்போதும் 340. இரண்டாவது 256 அல்லது 257. 'க'வுக்கு மூன்றாவது 225. ஆங்கிலம் அல்லாத எழுத்தைக் கண்டால் எழுத்தாகக் காட்டாமல் இப்படி எண்ணாகக் காட்டு என்று கிட்டுக்குப் பிறவியிலேயே உத்தரவு. 'கோர் புள்ளி கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' என்று மாற்றினால் போதும், தமிழ் தமிழாகத் தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு 'கிட் கன்ஃபிக்' என்ற கட்டளை அறிமுகம். கிட்டின் சகல பழக்கவழக்கங்களையும் கேட்கவும் மாற்றவும் அதுதான் வாசல். மௌஸ் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரையில் தட்ட வேண்டியதுதான்.

மச்சினன் கதைக்கு வருகிறேன்.

பாயிலேயே லேப்டாப்பைத் திறந்தான். பதிவேட்டைப் புரட்டினோம். அவன் கண் விழித்துச் செய்த வேலை ஒன்று விடாமல் இருக்கிறது. தேதி சரி. ராத்திரி 1.40 என்ற நேரம்கூடச் சரி. ஆனால் செய்தவர் பெயர் என்ற இடத்தில் இன்னொருத்தர் பெயர், இன்னொருத்தர் மெயில் முகவரி!

"யாருடா இது?"

"எனக்கு முன்னால இந்த வேலையில இருந்தவர் மாமா. அவர் ரிசைன் பண்ணிட்டுப் பெங்களூர் போயிட்டார். அவர் லேப்டாப்பைத்தான் எனக்குக் கொடுத்தாங்க."

"பேரை மாத்தலையா நீ?"

"முதல் நாளே மாத்தினேன்!" தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். கிட் கன்ஃபிக், இரண்டு கோடு குளோபல், யூசர் புள்ளி நேம், தன் பெயர். அதே மாதிரி மெயிலுக்கும் ஒரு வரி. தட்டி என்டரும் அடித்தானாம். கிட் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாது சார். காரியம் சரியாக நடந்தால் வாயே திறக்காத ஜாதி அது. திட்ட வேண்டுமென்றால்தான் பேசும். (வீட்டில் சிலரை ஞாபகப்படுத்தும். மேற்கொண்டு விவரிப்பது உசிதமில்லை.)

அப்படியானால் மாற்றிய பெயர் எங்கே போயிற்று? இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், திண்டுக்கல்காரனாகிய நான் பிரியாணியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும்.

ஒரு பிரியாணிக் கடை. காரம் இவ்வளவு என்று முதலாளி சமையலறைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார். அது எல்லோருக்கும் பொது. நீங்கள் வாடிக்கைக்காரர். 'எங்க வீட்டுப் பார்சலுக்கு எப்பவும் காரம் கம்மி' என்று கல்லாவில் சொல்லி வைத்திருக்கிறீர்கள். இனி உங்கள் வீட்டுக்குக் காரம் கம்மிதான். ஆனால் இன்றைக்கு ஒரு பொட்டலத்தின் மேல் மட்டும் 'காரம் தூக்கலா' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. எது செல்லும்? பொட்டலத்தின் மேல் இருக்கும் சீட்டுதான்.

கிட்டிலும் இதே மூன்று அடுக்கு. மெஷினில் இருக்கும் எல்லோருக்கும் பொது 'சிஸ்டம்'. உங்கள் ஒருவருக்கு 'குளோபல்'. இந்த ஒரு பிராஜெக்ட் ஃபோல்டருக்கு மட்டும் 'லோக்கல்'. மூன்றும் மூன்று தனித்தனி ஃபைல்களில் கிடக்கின்றன. ஒரே விஷயத்தை மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால், வேலைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜெயிக்கும். 'குளோபல்' என்று கம்பீரமாகப் பேர் வைத்துவிட்டு அதை உள்ளூர் ஆளிடம் தோற்கவிட்டிருக்கிறார்களே என்று முதலில் எனக்குச் சிரிப்பு. யோசித்தால் நியாயம்தான். கலெக்டர் ஆபீஸ் உத்தரவு எதுவாக இருந்தாலும், எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது என்று முடிவு செய்கிறவர் வால்வு திறக்கிறவர்தானே?

"மாப்ள, எல்லா அமைப்பையும் எந்த ஃபைல்லேர்ந்து வருதுன்னு சேர்த்துக் காட்டச் சொல்லு" என்றேன். கிட் கன்ஃபிக், இரண்டு கோடு லிஸ்ட், இரண்டு கோடு ஷோ-ஆரிஜின். வரிசையாக வந்தது. ஒவ்வொரு அமைப்பின் இடது பக்கமும் அது வந்த ஃபைலின் பெயர். நடுவில் மச்சினன் பெயர், அவனுடைய குளோபல் ஃபைலிலிருந்து. அதற்குக் கீழே, பிராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளிருந்து, பெங்களூர்க்காரர் பெயர். அந்தப் புண்ணியவான் என்றைக்கோ 'குளோபல்' என்ற வார்த்தை இல்லாமல் தன் பெயரைப் பதிந்திருக்கிறார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அது லோக்கல்தான். நம் ஆள் பிராஜெக்டைப் புதிதாக இறக்கிக்கொள்ளாமல், லேப்டாப்பில் ஏற்கனவே இருந்த அதே ஃபோல்டரில் உட்கார்ந்து ஆறு மாதம் எழுதியிருக்கிறான். பொட்டலத்துச் சீட்டு ஜெயித்துவிட்டது!

கழற்றுவது இரண்டே வரி. அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு கிட் கன்ஃபிக், இரண்டு கோடு அன்செட், யூசர் புள்ளி நேம். மெயிலுக்கும் அப்படியே. (2024-ல் வந்த 2.46-ல் கோடு இல்லாமலே லிஸ்ட், கெட், செட், அன்செட் என்று வெறும் வார்த்தையாகத் தட்டலாம் என்று சுலபப்படுத்திவிட்டார்கள். பழைய வழியும் வேலை செய்கிறது.) பிறகு பெயர் என்ன என்று கேட்டோம். மச்சினன் பெயர் வந்தது. ஏதோ பிள்ளைக்குப் பேர் வைத்த மாதிரி இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சரி, இனிமேல் எழுதுவது அவன் பெயரில் வரும். எழுதி முடித்த ஆறு மாதம்?

இங்கேதான் வயிற்றைக் கலக்கியது. கிட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் நாற்பது எழுத்தில் ஓர் அடையாள எண். அந்த எண், பதிவில் இருக்கிற சரக்கு, எழுதியவர் பெயர், தேதி, அதற்கு முந்தைய பதிவின் எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. ஒரு பெயரை மாற்றினால் அந்த எண் மாறும். அதைப் பிடித்துக்கொண்டு வருகிற அத்தனை எண்களும் மாறும். கம்பெனியில் பத்துப் பேர் அதே பேரேட்டின் நகலை வைத்திருக்கும்போது அப்படிச் செய்தால் கலவரம்தான். பழைய பெயரைப் புதுப் பெயராகக் காட்டச் சொல்லும் 'மெயில்மேப்' என்று ஒரு பட்டியல் வசதி இருக்கிறது. அதுவும் உதவாது. பெங்களூர்க்காரர் உண்மையிலேயே செய்த வேலையும் அதே பெயர், அதே முகவரியில்தான் இருக்கிறது. மாற்றினால் அதுவும் சேர்ந்து நம் ஆளுக்கு வந்துவிடும். அது திருட்டு.

எனக்கு ஆச்சரியம், கிட் இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறதே என்பதுதான். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைக்கவே முடியக் கூடாது என்று விதி. கிட்டும் தடம் வைக்கிறது. ஆனால் 'யார்' என்பதை நாம் சொன்னபடியே நம்பிவிடுகிறது. மில் கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். உள்ளே போனபிறகு ரிஜிஸ்டரில் 'எம்.ஜி.ஆர்.' என்று எழுதினாலும் கேட்க ஆளில்லை.

வாட்ச்மேன்! அதுதான் வழி என்று தோன்றியது. வேலையைக் கம்பெனி சர்வருக்கு அனுப்பும்போது மச்சினன் தன் சொந்தக் கணக்கில், தன் பாஸ்வேர்டில்தான் நுழைந்திருக்கிறான். அது அங்கே பதிவாகியிருக்கும். அதோடு தேதி. பெங்களூர்க்காரர் கணக்கு முடித்துப் போன நாளுக்குப் பிறகு அவர் பெயரில் இருக்கிற பதிவுகளை மட்டும் பிரித்து எடுத்தோம். நூற்றி நாற்பத்து மூன்று. போன ஆள் எப்படி வேலை செய்வார்?

எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கே போன் போடச் சொன்னேன். மச்சினன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் வெடித்துச் சிரித்தார்.

"அடப்பாவி தம்பி! போன மாசம் பழைய டீம்லேர்ந்து ஒருத்தர் கூப்பிட்டு, 'என்ன சார், இப்படி ஒரு பிழையை வச்சிட்டுப் போயிட்டீங்களே'ன்னு காய்ச்சி எடுத்தார். எழுதின ஞாபகமே இல்லையேன்னு நினைச்சுக்கிட்டு நான் மன்னிப்பு வேற கேட்டேன். அது உங்களோடதா?"

கிட்டில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை உண்டு. பழி! எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும். ஆறு மாதமாக நம் ஆளின் தப்பெல்லாம் அவர் தலையில் விடிந்திருக்கிறது. வேலையை விட்டுப் போன ஆள் மேல் பழி போடுவது எந்த ஆபீஸிலும் உள்ள வழக்கமாதலால் யாரும் சந்தேகப்படவில்லை.

மனிதர் தங்கமானவர். 'இந்தத் தேதிக்குப் பிறகு உள்ளவை என்னுடையவை அல்ல' என்று அன்று சாயங்காலமே மெயில் அனுப்பிவிட்டார். சர்வர் பதிவையும் பார்த்துவிட்டு மேனேஜர் ஒப்புக்கொண்டார். வேலைக்கு ஆபத்தில்லை. சம்பள உயர்வு மட்டும், 'பட்டியல் போய்விட்டது, அடுத்த முறை பார்க்கலாம்'. அந்த அடுத்த முறை எப்போது வரும் என்பது எந்த கன்ஃபிக் ஃபைலிலும் இல்லை.

ஆபீஸ் லேப்டாப்பிலேயே சொந்த வேலையும் பார்க்கும் உத்தமர்களுக்கு ஒரு தகவல். 2017-ல் வந்த 2.13 முதல் 'இன்க்ளூட்-இஃப்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஆபீஸ் ஃபோல்டருக்குள் இருந்தால் ஒரு பெயரும் முகவரியும், சொந்த ஃபோல்டருக்குள் இருந்தால் வேறு என்று குளோபல் ஃபைலிலேயே எழுதி வைத்துவிடலாம். நான் சொன்னதாக மேனேஜரிடம் சொல்ல வேண்டாம்.

ராத்திரி மச்சினன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினான். சும்மா இருக்காமல் என் கம்ப்யூட்டரைத் திறந்து, என் பத்தி ஃபோல்டரில் நின்றுகொண்டு, யூசர் புள்ளி நேம் என்ன என்று கேட்டுப் பார்த்தேன்.

மச்சினன் பெயர் வந்தது.

போன வருஷம் போட்டுக் கொடுத்தானே, அப்போது தன் பெயரையே கொடுத்திருக்கிறான். 'கட்டுரை-சத்தியமா-இறுதி' உட்பட, இதுவரை நான் கிட்டில் பதிந்த அத்தனையும் அவன் எழுதியது!

அவசரமாக வாசலுக்கு ஓடினேன். பைக் மணிக்கூண்டைத் தாண்டியிருக்கும். பின்னால் என் மனைவி வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தாள்.

"அதானே பார்த்தேன். போன வாரம் எழுதினது மட்டும் நல்லா இருந்துச்சு" என்றாள்.