சாப்பாட்டு மேசைக்குத் துப்பாக்கி வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலேசியாவின் தஞ்சோங் கிளிங் உணவகங்களில் ரொட்டி சானாய் கல்லிலிருந்து சுடச்சுட இறங்குகிறது. தாத்தா, பேரன், வேலை முடிந்து வந்த தொழிற்சாலை இளைஞர்கள் என்று எல்லாரும் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். அந்த நெரிசலில் ஒருவர் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாமா? கூடாது என்பதே நம் கருத்து.

அமெரிக்காவில் இது தீராத வழக்கு. 1991 அக்டோபர் 16 அன்று டெக்சாஸ் மாநிலம் கில்லீன் நகரின் லூபிஸ் உணவகத்தில் ஒருவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோரை அங்கே பறிகொடுத்த சுசானா ஹப், சட்டத்துக்குப் பயந்து தம் துப்பாக்கியைக் காரிலேயே விட்டு வந்தவர். பிறகு அவர் துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமைக்காகப் போராடினார். 1995இல் டெக்சாஸ் துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல அனுமதித்தது. அவர் துயரம் உண்மையானது, மறுப்பதற்கில்லை. ஆனால் குண்டு பறக்கும் கூட்டத்தில் இரண்டு பேர் கையில் துப்பாக்கி இருந்தால், கொலைகாரன் யார் என்று மூன்றாமவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 2013இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனமே துப்பாக்கியோடு வர வேண்டாமென்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. இத்தனைக்கும் பிறகு, 2024 ஏப்ரல் 14 அன்று கோலாலம்பூர் விமான நிலைய வருகை மண்டபத்தில் துப்பாக்கி வெடித்தது. மெய்க்காவலர் ஒருவர் படுகாயமடைந்தார்.

ஆகவே பிடியைத் தளர்த்தும் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் பெற்றவர்களும் துப்பாக்கியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுச் சாப்பிட வரட்டும். கடையில் யாரிடமாவது துப்பாக்கி தென்பட்டால், உரிமையாளர்கள் வாக்குவாதம் செய்யாமல் உடனே 999ஐ அழைக்க வேண்டும்.