"சார் பார்த்துக்குவார்" என்று விட்டுட்டு வர்றோமே...



காலை அஞ்சரை மணிக்குப் பிள்ளையை பைக்கில் கொண்டுபோய் மைதானத்தில் இறக்கிவிட்டு, "சார் பார்த்துக்குவார்" என்று திரும்புகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். அந்த 'சார்' கையில் என்னென்ன இருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அணியில் பெயர் சேர்ப்பது அவர். வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போவது அவர். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட் கிடைக்கணும்னாலும் அவர் தயவு வேணும். வலிக்குதுன்னா உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் அவரே. இத்தனையையும் எதிர்த்து ஒரு பன்னிரண்டு வயசுப் பிள்ளை வாயைத் திறக்கணும்!

2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் கைதானது நினைவிருக்கும். ஒரு வீராங்கனை துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவரே குற்றம் செய்தால் போக்சோ அதைக் கூடுதல் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது. வல்லுறவு என்றால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 20 ஆண்டு. மரண தண்டனை வரை போகலாம். தகாத முறையில் தொட்டாலே 5 முதல் 7 ஆண்டு. "தூக்குல போடுங்க" என்று கமெண்ட் போடுகிற உங்கள் கோபம் எங்களுக்கும் உண்டு. ஆனா இந்தக் கதையையும் கேளுங்க.

இங்கிலாந்தில் பாரி பென்னல் என்று ஒரு கால்பந்துப் பயிற்சியாளர். 1998ல் அவருக்கு 9 ஆண்டு சிறை. வெளியே வந்தார். 2018ல் 12 சிறுவர்களைச் சீரழித்ததற்காக மறுபடியும் 30 ஆண்டு. அந்தக் கொடுமைகள் நடந்தது 1979க்கும் 1991க்கும் இடையில்! தீர்ப்பு வந்தபோது அந்தச் சிறுவர்கள் நடுத்தர வயதைத் தொட்டுவிட்டார்கள். அவரைப் பற்றிய பேச்சு அப்போதே ஒரு பெரிய கிளப்பின் நிர்வாகிகள் காதில் விழுந்தது, ஆனால் விசாரிக்கவில்லை என்று 2021ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

இங்கேயும் அந்த நிர்வாகிகளைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். "சங்கத்துப் பேர் கெட்டுடும்", "பொண்ணோட எதிர்காலம் என்னாகும்" என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பவர்கள். தனக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தைத் தெரிந்தும் புகார் செய்யாத நிறுவனத் தலைவருக்குப் போக்சோவில் இருக்கும் தண்டனை எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் ஒரே ஒரு ஆண்டு. செய்தவனுக்கு 20, மூடி மறைத்தவனுக்கு 1. இது எந்த ஊர் நியாயம்?

அந்த ஓராண்டை உயர்த்தணும். பயிற்சியாளர் மீது வழக்கு வரும்போதெல்லாம் தெரிந்தே மறைத்த நிர்வாகியின் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறணும். தண்டிக்கப்பட்டவர் அடுத்த மாவட்டத்தில் போய் விசில் ஊதாதபடி எல்லாச் சங்கங்களுக்கும் பெயர்ப் பட்டியல் போகணும். முடிந்தவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்கச் சொல்கிறது சட்டம். அதை நடத்திக் காட்ட நீதிமன்றங்களும் அரசு வழக்கறிஞர்களும் போதுமான அளவு வேணும்.

உங்க பிள்ளை திடீர்னு "கிரவுண்டுக்குப் போகமாட்டேன்" என்று சொன்னால் சோம்பேறி என்று திட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்க. சந்தேகம் வந்தால் சங்கத்துக்குப் போகாதீங்க, நேரா 1098க்கு போன் போடுங்க.