நாங்கள் தோற்றுவிட்டோம், ஐயா

வெளிநாட்டில் குடியேறிய தமிழர் ஒருவர் அந்நாட்டு அணியின் தொப்பியை அணிந்துகொண்டு விளையாட்டரங்கில் ஆரவாரம் செய்யும் படத்தைப் பார்த்தால், இங்குள்ள தமிழன்பர்கள் சிலருக்கு முகம் சுருங்குகிறது. வேரை மறந்தார்கள், வேடம் பூண்டார்கள் என்று தொடங்கிவிடுகிறார்கள். நமக்கு இதில் சற்றும் உடன்பாடில்லை. அயலூரில் வாழ வந்த ஒருவன் அவ்வூரைத் தன்னூராகக் கொள்ளும் வாயில்களுள் மிகவும் எளியது பார்வையாளர் இருக்கைதான் என்பது நம் எண்ணம். அங்கே மொழித்தேர்வு கிடையாது. எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இரவு டொராண்டோவில் (ஈழத்து நண்பர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவர், அங்கே வாழ்பவர்கள் அவர்கள், அவர்கள் எழுத்தே சரியாக இருக்கட்டும்) பேஸ்பால் ஆட்டத்தின் ‘வேர்ல்ட் சீரீஸ்’ இறுதிப் போட்டி நடந்தது. உள்ளூர் அணியான புளூ ஜேஸும் முந்தைய ஆண்டின் வாகையரான லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸும் தலைக்கு மூன்று ஆட்டங்கள் வென்றிருந்தன, இது ஏழாவது. டொராண்டோ அணி கடைசியாகப் பட்டம் வென்றது 1993இல். நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் கணினித் துறைக்குப் போய்ச் சேர்ந்த மாணவர் ஒருவர் அன்று அரங்கில் இருந்தார். நுழைவுச்சீட்டுக்கு அவர் கொடுத்த விலையை இங்கே எழுதினால் அவர் தாயார் படித்துவிடக்கூடும், விட்டுவிடுவோம்.

நமக்கு அந்த ஆட்டம் பிடிபட வெகுநேரம் ஆயிற்று. கிரிக்கெட்டில் ஒருவர் நாளெல்லாம் நின்று ஆடலாம். இங்கே பத்து முறை களமிறங்கி ஏழு முறை தோற்பவரும் சிறந்த மட்டையாளர். தோல்வியை இயல்பாகக் கொண்ட ஆட்டம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அன்று மூன்றாவது இன்னிங்ஸில் போ பிஷெட் அடித்த ஒரே அடியில் டொராண்டோ மூன்று ரன் முன்னேறியது. ஒன்பதாவது இன்னிங்ஸில், கையில் ஒரு ரன் முன்னிலை இருக்க, பட்டத்துக்கு இன்னும் இரண்டே பேரை வெளியேற்ற வேண்டும். அந்நேரத்தில் மிகேல் ரோஹாஸ் என்னும் மூத்த ஆட்டக்காரர், யாரும் பெரிதாக எதிர்பாராதவர், பந்தை அரங்கின் மதிலுக்கு அப்பால் அனுப்பிச் சமன் செய்துவிட்டார். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் வாயடைத்துப் போனதை மாணவர் பின்னர் விவரித்தார். முன்பின் அறியாத ஒரு வெள்ளைக்கார மூதாட்டி அவர் கையைப் பற்றிக்கொண்டாராம். ஆட்டம் முடியும்வரை விடவில்லையாம். பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித்தின் அடியால் லாஸ் ஏஞ்சலிஸ் 5-4 என்று வென்றது. முந்தைய நாள்தான் ஆறு இன்னிங்ஸ் பந்தெறிந்த ஜப்பானியர் யமமோட்டோ, ஓய்வின்றி மறுநாளும் வந்து ஆட்டத்தை முடித்துவைத்தார்.

இங்கே ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். தொலைபேசியில் அழைத்த மாணவர் சொன்ன முதல் தொடர்: “நாங்கள் தோற்றுவிட்டோம், ஐயா.”

இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு இது சாதாரணத் தொடர் அன்று. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. ‘நாம்’ என்பது கேட்பவரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்பது கேட்பவரை விலக்கும். பழந்தமிழின் ‘நாம்’, ‘யாம்’ வேறுபாடு இன்றுவரை பேச்சிலும் பிசகாமல் வாழ்கிறது. பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் இதில் தவறுவதில்லை. நம் மாணவரின் ‘நாங்கள்’ அந்த மூதாட்டியையும், மெக்சிகோவிலிருந்தும் டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வந்த ஆட்டக்காரர்களையும், அரங்கில் இருந்த அத்தனை பேரையும் உள்ளே வைத்துக்கொண்டு, அவருக்கு யாப்பருங்கலக்காரிகை நடத்திய நம்மை வெளியே நிறுத்திவிட்டது. ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் இது வெளிப்பட்டிராது. நமக்கு வருத்தமா என்றால், இல்லை. ஒருவன் ஓர் ஊரில் குடியேறி முடித்த நாளை இவ்வளவு துல்லியமாக நம் மொழி காட்டிக்கொடுக்கிறதே என்ற வியப்புத்தான். அதையும் அவர் தமிழில்தான் சொன்னார் என்பதை வேர் பற்றிக் கவலைப்படுவோர் கவனிக்கலாம்.

1990இல் இங்கிலாந்தின் அரசியல்வாதி நார்மன் டெபிட், ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று கேட்டார். அவர்களுடைய விசுவாசத்துக்கு அது சோதனை என்றார். அதைக் கண்டித்து எழுதியவர்கள் பலர். ஆனால் இங்கிருந்து ‘வேரை மறந்தார்கள்’ என்பவர்கள் கேட்பதும் அதே கேள்விதான், எதிர்க்கரையிலிருந்து. ஆரவாரம் என்பது கையொப்பம் அன்று. 1983க்குப் பிறகு உயிர் பிழைக்கக் கனடா சென்ற ஈழத்தமிழர்களின் பிள்ளைகள், அந்த அணி 1992இலும் 1993இலும் வென்றபோது பள்ளிச் சிறுவர்கள். வகுப்பில் பேசுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த முதற்பொருள் அந்த வெற்றியாக இருந்திருந்தால், அதை யார் குறை சொல்வது?

நம் முன்னோருக்கு இது புதிதுமன்று. பட்டினப்பாலையில், வேறுவேறு மொழி பேசும் அயல்நாட்டார் புகாரில் கலந்து இனிதே வாழ்ந்த செய்தி உள்ளது. அதே பாட்டில் பரதவர் களரியில் கூடி மற்போர் செய்யும் காட்சியும் உள்ளது. அந்த அயல்நாட்டாருள் ஒருவராவது களரியோரம் நின்று, தன் தெருக்காரன் வெல்ல வேண்டும் என்று கூவியிருக்கமாட்டாரா? புலவர் சொல்லவில்லை; நாம் நினைத்துக்கொள்கிறோம்.

சேப்பாக்கத்தைப் பற்றி நமக்கொரு பெருமை உண்டு. 1999 ஜனவரி 31 அன்று, சச்சின் டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, சென்னை மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்த அணி மைதானத்தைச் சுற்றி வந்து நன்றி சொன்னது. உயர்ந்த செயல்தான். ஆயினும் ஆடிவிட்டு விமானம் ஏறிப் போய்விடும் விருந்தாளியிடம் பெருந்தன்மை காட்டுவது எளிது. அடுத்த வீட்டில் வாடகைக்கு வந்து தங்குபவரிடம்தான் அது சோதிக்கப்படுகிறது.

இதை எழுதும் சென்னீர்குப்பத்தில், பூந்தமல்லி–ஆவடி சாலையின் தொழிற்கூடங்களிலும் கிடங்குகளிலும் பிஹார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர். ஞாயிறு மாலை காலிமனையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பாதிப் பேர் மேல் மஞ்சள் பனியன், முதுகில் ஏழாம் எண். ராஞ்சியில் பிறந்த தோனியை 2008 முதல் ‘தல’ என்று அழைத்துத் தோளில் தூக்கிவைத்திருக்கிறோம். அதே ராஞ்சியிலிருந்து வந்து நம் தெருவில் இரும்பு சுமப்பவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘வடக்கன்’. 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது அஞ்சிப் பலர் ஊர் திரும்பினார்கள். காணொளி பொய்தான், அதை அவர்கள் உடனே நம்பியதற்கு அந்தப் பெயருக்கும் பங்குண்டு என்பது நம் துணிபு.

அந்த இளைஞர்களின் தாய்மொழிகள் பல. தமக்குள் பொதுவாகப் பேசுவது ஹிந்தி. ஹிந்தியில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற பிரிவு இல்லை, ‘ஹம்’ ஒன்றேதான். தமிழ் பழகும்போது இரண்டில் ஒன்றை அவர்கள் தேர்ந்தாக வேண்டும். ஐ.பி.எல். நடக்கும் மாதங்களில் தேநீர்க் கடை வாசலில் நின்றால் அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று கேட்கலாம். “நம்ம சென்னை ஜெயிச்சிருச்சு அண்ணா” என்கிறார்கள். கடைக்காரர் சில்லறையை எண்ணிக் கொடுக்கிறார், பதில் சொல்வதில்லை.