வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே கணினி: திருகோணமலைக் குடும்பங்கள் ஏமாறாதிருக்க

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுக்குக் கொண்டுவந்தது. தனிப்பட்ட பாவனையாளருக்கென அறிவிக்கப்பட்ட மேலதிகப் பாதுகாப்புக் காலமும் 2026 ஒக்டோபர் வரைக்குமானதே. எங்கோ எடுக்கப்பட்ட இந்த வணிகத் தீர்மானம் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள குடும்பங்களின் செலவுக் கணக்கையும் இன்று பாதித்திருக்கின்றது. வீட்டிலிருக்கும் பழைய கணினியை மாற்றுவதா, மாற்றுவதாயின் எதை வாங்குவது என்ற கேள்வி நகரிலும் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் எழுந்துள்ளது.

இதனை வசதி படைத்தோரின் பிரச்சினையாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பாடமாகத் தெரிவுசெய்யும் மாணவர், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் பயிலும் இளைஞர், நிலாவெளியில் சுற்றுலா விடுதியொன்றின் முன்பதிவுகளைக் கவனிப்பவர், வீட்டிலிருந்தவாறே கணக்குப் பதிவும் வடிவமைப்பும் செய்து உழைக்கும் பெண்கள் என அனைவருக்கும் அது தொழிற்கருவியாகி விட்டது. ஆயினும் நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பத்திடமே மேசைக் கணினியோ மடிக்கணினியோ உள்ளதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கடந்த கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரு வீட்டில் இரண்டு கணினிகள் என்பது பெரும்பாலானோருக்கு எட்டாக்கனியாகும். எனவே பகலில் வேலைக்கும் இரவில் பிள்ளைகளின் சிறு விளையாட்டுக்கும் ஒரே இயந்திரமே ஈடுகொடுக்க வேண்டியுள்ளது.

விலை உயர்வுக்கான காரணங்களையும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியது. பின்னர் அது குறைந்தபோதிலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பெறுமதி சேர் வரியும் 2024 ஜனவரியில் 18 சதவீதமாக்கப்பட்டது. 500 டொலர் பெறுமதியான பொருளொன்று டொலர் 200 ரூபாவாக இருந்தபோது ஒரு இலட்சம் ரூபாவாகும். டொலர் 300 ரூபா எனின் அது ஒன்றரை இலட்சம். அதன்மேல் 18 சதவீத வரியையும் சேர்த்தால் 177,000 ரூபா. வியாபாரியின் இலாபம் இதற்குள் அடங்காது.

இதற்கிடையே உலகச் சந்தையில் புதிய நெருக்கடியொன்றும் தோன்றியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் கொள்வனவு செய்யத் தொடங்கியதால் 2025இன் இறுதிப் பகுதியில் சாதாரண கணினிக்கான ரெம் நினைவகத்தின் விலை வேகமாக உயர்ந்தது. மைக்ரோன் நிறுவனம் குறூஷல் என்ற தனது நுகர்வோர் வணிகத்திலிருந்து வெளியேறுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தமை இந்தப் போக்கின் தெளிவான அடையாளமாகும். இப்போது குறைந்த நினைவகத்துடன் வாங்கிப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என்ற பழைய ஆலோசனை இனிப் பொருந்துமா என்பது சந்தேகமே. போதிய நினைவகம் ஏற்கனவே பொருத்தப்பட்ட இயந்திரத்தைத் தேடுவதே இன்று புத்திசாலித்தனமானது.

இத்தகைய சூழலில் பலரும் நாடுவது வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்டு, இங்கு இறக்குமதியாகும் டெல், எச்பி, லெனோவோ போன்ற மேசைக் கணினிகளையே. அது தவறான தெரிவல்ல. ஆனால் ஏமாற்றம் நிகழும் இடமும் அதுவே. 'ஐ7' என்ற எழுத்தைக் கண்டதும் அது 'ஐ3'ஐ விடச் சிறந்தது என மக்கள் நம்புகின்றனர். எழுத்தை விடத் தலைமுறையே முக்கியமானது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் தலைமுறை ஐ7 செயலி விண்டோஸ் 11க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. 2018இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை ஐ5 8500 செயலி, ஆறு கருக்களுடன் அப்பட்டியலில் இடம்பெறுகின்றது. பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதலும் ஏஎம்டி ரைசனில் 2000 வரிசை முதலும் உள்ளவையே ஏற்கப்படுகின்றன. குறுக்கு வழிகளால் பழைய கணினியில் விண்டோஸ் 11ஐ நிறுவிக் காட்டி விற்பவரிடம் வாங்குபவர், நாளைய இற்றைப்படுத்தல்களுக்கு எந்த உறுதியும் இல்லாத பொருளையே பெறுகின்றார்.

வேலைக்கும் எளிய விளையாட்டுக்கும் என்னதான் தேவை? எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ5 செயலி, 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி ஆகியன பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானவை. பழைய சுழல் வன்தட்டை இயங்குதளத்துக்குப் பாவிக்கும் கணினி, வேறெது சிறந்திருந்தாலும் ஆமை வேகத்திலேயே இயங்கும். விளையாட்டுக்கென மேலும் சிறிது செலவிட முடிந்தவர்கள் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற, தனி மின்னிணைப்பு வேண்டாத 75 வாற்று வரைகலை அட்டையைச் சேர்க்கலாம். ஒடுங்கிய அலுவலகப் பெட்டிகளில் உயரம் குறைந்த அட்டை மட்டுமே பொருந்தும் என்பதை வாங்கு முன்னரே அளந்து பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்த விரும்புவோருக்கு ரைசன் 5 5600ஜி போன்ற, வரைகலைத் திறன் உள்ளடங்கிய செயலிகள் உள்ளன. அவற்றுக்கு 16 ஜிபி ஒற்றைத் துண்டைக் காட்டிலும் இரண்டு 8 ஜிபி துண்டுகளே கூடுதல் வேகம் தரும்.

மின்கட்டணத்தையும் மறந்துவிடலாகாது. 60 வாற்று எடுக்கும் கணினி நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் இயங்கினால் மாதத்துக்கு ஏறத்தாழ 7 அலகுகள் செலவாகும். 300 வாற்று எடுக்கும் விளையாட்டுக் கணினிக்கு 36 அலகுகள் வேண்டும். அலகுகள் கூடக் கூட அலகொன்றின் விலையும் ஏறும் எமது கட்டண முறையில் இந்த வேறுபாடு சிறியதல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்றினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எனவே யூபிஎஸ் ஒன்று ஆடம்பரமல்ல.

கரையோர வாசிகளுக்கு இன்னொரு கவலையுமுண்டு. உப்புக் காற்றும் ஈரப்பதனும் உலோக இணைப்புகளை அரிக்கின்றன. பாவித்த கணினியின் மூடியைத் திறந்து துருவும் தூசியும் உள்ளனவா எனப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர், வெருகல் பகுதிகளில் வெள்ளம் புகுந்த அனுபவம், கணினிப் பெட்டியைத் தரையில் வைக்கும் பழக்கத்தைக் கைவிடப் போதிய பாடமாகும். பிள்ளைகளின் படிப்பும் குடும்பத்தின் கணக்கும் அடங்கிய கோப்புகளின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்திருத்தலும் அவசியம்.

தவணை முறையில் வாங்குவோர் மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் குடும்பங்கள், வாங்கிய விலையையும் இலாபத்தையும் முன்கூட்டியே கூறி விற்கும் முராபஹா முறை கிடைக்குமா என விசாரிக்கலாம். எந்த வழியில் வாங்கினும், செயலியின் முழு இலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைப் பெறுவது வாங்குபவரின் உரிமையாகும்.

விளையாட்டைப் பற்றிப் பெற்றோரிடம் நிலவும் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதல்ல. படிப்பையும் தொழுகையையும் உறக்கத்தையும் விழுங்கும் விளையாட்டு தீமையே. ஆயினும் பிள்ளை அறைக்குள் தனித்துப் பார்க்கும் கைத்தொலைபேசியை விட, கூடத்தில் அனைவரது பார்வையிலும் இருக்கும் மேசைக் கணினியைக் கண்காணிப்பது எளிது. விளையாடத் தொடங்கியவர்களில் சிலரேனும் அதே இயந்திரத்தில் நிரல் எழுதவும் படம் வரையவும் கற்றுக்கொள்கின்றனர் என்பதும் உண்மையே.

திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடு 2025 ஏப்ரலில் இந்தியாவுடனும் ஐக்கிய அரபு இராச்சியத்துடனும் கைச்சாத்திடப்பட்டது. சம்பூரில் சூரிய மின்திட்டத்துக்கும் அதே மாதம் தொடக்க நிகழ்வு நடந்தது. இத்திட்டங்களினால் உருவாகும் தொழில்கள் இம்மண்ணின் தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞரைச் சென்றடைய வேண்டுமாயின், அவர்கள் இன்றே கணினியில் பழகியிருக்க வேண்டும். கல்விக்கான அடிப்படைக் கணினிகள் மீதான வரியைக் குறைப்பது குறித்து அரசு சிந்திக்க வேண்டும். பாவித்த கணினிகளின் தலைமுறையையும் தயாரிப்பு ஆண்டையும் விலைச்சீட்டில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை முன்வர வேண்டும். அதுவரை வாங்குபவரின் விழிப்பே அவருக்குக் காவல். சேமிப்பெல்லாம் கொடுத்து வாங்கிய இயந்திரம் ஓராண்டில் பயனற்றுப் போகுமாயின், பணத்துடன் ஒரு பிள்ளையின் வாய்ப்பும் சேர்ந்தே போய்விடும்.