கொடைக்கானல் மண்ணும் நிபுணர் எண்ணும்

நச்சு மண்ணை எந்த அளவுக்குச் சுத்தப்படுத்துவது என்பது நிபுணர்களின் வேலை, மக்களிடம் கேட்டால் பீதியும் தாமதமுமே மிஞ்சும் என்று வாதிடுபவர்கள் கொடைக்கானலை மறந்துவிடுகிறார்கள். இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலையிலிருந்து வெளியேறிய பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகளை 2001 மார்ச்சில் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக் குழுவும் அல்ல. ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும்தான். அதன் பிறகுதான் ஆலை மூடப்பட்டது, 2003இல் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பீதி என்கிறார்களே, அது இல்லையென்றால் நிபுணர்களுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

ஆலை நிலத்தைச் சுத்தப்படுத்த வகுக்கப்பட்ட, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்ற அளவுகோல் வெறும் வேதியியல் அல்ல. அந்த நிலத்தில் நாளை யார் நடப்பார்கள், சரிவில் கரையும் மண் ஆலையை அடுத்த பாம்பார் சோலைக் காட்டின் வழியே எங்கே போகும், கீழே மீன் பிடிப்பவர் எவ்வளவு சாப்பிடுவார் என்ற ஊகங்களின் மேல்தான் அத்தகைய எண் எதுவும் நிற்கிறது. ஊகங்களைச் சரிபார்க்க ஊரில் வாழ்பவரைவிடத் தகுதியானவர் யார்? அளவைக் கடுமையாக்கினால் கூடுதலாகத் தோண்ட வேண்டும், மரங்கள் சாயும், மண்ணரிப்பு கூடும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் மரமா, மண்ணில் தங்கும் நஞ்சா என்பதை ஆய்வகக் கருவி சொல்லாது. செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனமே அதற்கும் விடை எழுதுவதென்றால், அதை அறிவியல் என்று அழைக்க வேண்டாம்.